வீடு நிற்கும், நீ போய்ப் படி

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் மகளுக்கு,

உனக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்த செய்தியை அம்மா அழுதுகொண்டுதான் சொன்னாள். பாதி சந்தோசம், பாதி பயம். ரெலிபோனில் பதில் சொன்னால் அவள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் குறுக்கே வருவாள். நீயும் "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. பிறகு அம்மாவிடமும் கொடு. அவளுக்கு ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

நீ வட்சப்பில் கேட்டிருந்தாய்: "வந்தாறுமூலையில் படிச்சது போதாதா பெரியம்மா? மிச்சத்தை ஒன்லைனில் படிக்க ஏலாதா? அம்மாவை ரெண்டு வருசம் விட்டுட்டுப் போய் என்னத்தைக் காணப் போறன்?"

வந்தாறுமூலை குறைந்த இடமில்லை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான அந்த வளாகம் இல்லாவிட்டால், மண்டூரில் இருந்து பாதைப் படகு ஏறிக் குருமண்வெளிக்கு வந்து படித்த என்னைப் போன்ற ஒருத்தி பட்டதாரியாகியிருக்க மாட்டாள். உனக்கு அங்கே கிடைத்த அடித்தளம் நல்ல அடித்தளம். அதில் நின்றுகொண்டுதான் இந்த இடத்தை நீ வென்றிருக்கிறாய். ஆனால் வீட்டிலிருந்தே படித்தால் என்ன என்று கேட்கிறாயே, அதற்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

அம்மா விபுலானந்த அடிகளை உதாரணம் காட்டுகிறாளாம். காரைதீவில் பிறந்த அடிகளார் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை இலங்கையில் இருந்தபடியே 1920இல் எடுத்தார் என்பது உண்மை. ஆனால் அவர் அதோடு இங்கேயே இருந்துவிடவில்லையே. 1922இல் கடல் தாண்டிச் சென்னைக்குப் போய் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். யாழ் நூல் 1947இல் அரங்கேறியது திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில். விஞ்ஞானம் படித்த ஒருவர் பழந்தமிழ் இசைக்கருவி ஒன்றைக் கணக்குப் போட்டு மீட்கிறார் என்றால், அதைக் கேட்டு ஆராயத் தகுந்த சபை ஒன்று வேண்டும். அந்தச் சபை அவருக்குக் கடலுக்கு அப்பால்தான் கிடைத்தது.

என் கதைக்கு வருகிறேன். நான் 2003இல் தாய்லாந்துக்குப் போனேன். பாங்கொக்குக்கு வடக்கே பத்தும் தானியில் இருக்கிறது ஆசியத் தொழில்நுட்ப நிறுவனம். ஏஐடி என்றுதான் எல்லாரும் சொல்வோம். 1959இல் தொடங்கிய இடம். ஆண் திலாப்பியாக் குஞ்சுகளை மட்டும் எடுக்கும் முறையை விருத்தி செய்து ஆசியா முழுக்கப் பரப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே நான் நீர்வாழ் உயிரின வளர்ப்புப் படித்தேன். பாடங்களை இன்று நீ இணையத்திலேயே படிக்கலாம், அதற்காக உன்னைப் போகச் சொல்லவில்லை. ஒரு பின்னேரம் நடந்த ஒன்றைக் கேள்.

பேராசிரியர் ஒருவர் எங்களை மேசையைச் சுற்றி இருத்தி, "உங்கள் ஊர்த் தண்ணீரில் தீராத வழக்கு ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். நான் மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் வெட்டுவதைச் சொன்னேன். உனக்குத் தெரியாததா? மாரி மழையில் வாவி நிரம்பிப் படுவான்கரை வயல்களில் தண்ணீர் ஏறும்போது, "வெட்டு, வெட்டு" என்று வயற்காரர் நிற்பார்கள். "இப்ப வெட்டினா மீனும் இறாலும் கடலோட போயிரும், பொறு" என்று தோணிக்காரர் நிற்பார்கள். உன் அம்மப்பாவுக்கு வயலும் இருந்தது, தோணியும் இருந்தது. இந்த வழக்கு எங்கள் வீட்டுக் குசினிக்குள்ளேயே வருசா வருசம் நடக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் இது விளங்காது என்றுதான் நினைத்துக்கொண்டு சொன்னேன்.

நான் முடிக்க முதலே, குல்னாவிலிருந்து வந்திருந்த வங்காளப் பெடியன் எழும்பிவிட்டான். அவர்களுடைய கரையோரத்தில் 1960களில் கடல்நீர் வராமல் பெரிய அணைக்கட்டுகள் போட்டார்களாம். கடல் ஏற்றத்தோடு வரும் சேறு வயலில் படிய வழியில்லாமல் ஆற்றிலேயே படிந்தது. ஆறு மேடாகி, மழைத்தண்ணீர் வடியாமல் ஊர்கள் வருசக்கணக்காகத் தண்ணீருக்குள் கிடந்தன. 1990இல் பீல் டகாத்தியா என்ற இடத்தில் சனங்கள் தாங்களே அணையை வெட்டிவிட்டார்கள். கடல் ஏறி இறங்கச் சேறு உள்ளே படிந்து நிலம் உயர்ந்தது. பிற்காலத்தில் அரசாங்கமே அதை ஒரு முறையாக எடுத்துக்கொண்டது.

அடுத்தது ஒடிசாக்காரர். சிலிக்கா வாவியின் வாய் மணலால் அடைபட்டு, உப்புக் குறைந்து, மீன் விழுந்துபோனது. நீரோட்டத்தைக் கணித்துப் பார்த்து 2000 செப்டெம்பரில் கடலுக்குப் புதிய வாய் ஒன்றை வெட்டினார்கள். மீன்பிடி திரும்பவும் ஏறியது. வெட்டுவதா விடுவதா என்ற கேள்வியைவிட எந்த இடத்தில் வெட்டுவது என்ற கேள்வி பெரிது என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. மீகொங் கழிமுகத்திலிருந்து வந்த வியட்நாம் பெண், தங்கள் ஆட்கள் ஒரே வயலில் கோடையில் உப்புத்தண்ணீர் விட்டு இறால் வளர்த்து, மழை வந்ததும் உப்பைக் கழுவி நெல் விதைப்பதைக் கரும்பலகையில் கீறிக் காட்டினாள். வயற்காரனும் இறால்காரனும் ஒரே ஆளாக இருக்கும் ஊர். அம்மப்பா அந்தப் படத்தைக் கண்டிருந்தால் இரவு நித்திரை கொண்டிருக்க மாட்டார்.

இதைத்தான் மகள் நான் லாபம் என்கிறேன். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான எங்கள் வாவியின் வழக்கை எங்கள் ஊர்ச் சண்டையாகவே பார்த்துப் பழகியிருந்தேன். அந்த மேசையில் அது குல்னாவுக்கும் சிலிக்காவுக்கும் மீகொங்குக்கும் பொதுவான கேள்வியாகிவிட்டது. அந்த ஆட்கள் தங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி என்னைப் போலவே பதறிக் கதைத்தார்கள். இணையத்தில் சிலிக்காவைப் பற்றிய கட்டுரை கிடைக்கும். இரவு பத்து மணிக்கு விடுதிக் கதவைத் தட்டி, "நீ சொன்ன அந்த உப்புக் கணக்கு எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லு" என்று கேட்க ஒரு ஆள் கிடைக்காது.

பிறகு எங்களைத் தெற்கே சொங்க்லா வாவிக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் வாவியைவிடப் பல மடங்கு பெரிது. ஒரு பக்கம் நன்னீர், நடுவில் சவர், கடல் வாயில் உப்பு. எங்கள் ஆட்கள் விலை வைத்து விற்கும் கொடுவா இருக்கிறதே, அதை முதன்முதலாகச் செயற்கையாக இனம்பெருக்க வைத்தது அந்தக் கரையில் உள்ள மீன்பிடி நிலையத்தில்தான், 1970களின் தொடக்கத்தில். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு கிழவர், தண்ணீரின் நிறத்தையும் அதில் மிதந்த பாசியையும் பார்த்து உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொன்னார். எங்கள் பேராசிரியர் அவர் பக்கத்தில் நிலத்தில் குந்தி, சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார். பட்டம் பெற்ற ஒருவர் தோணிக்காரர் ஒருவரின் காலடியில் இருந்து எழுதுவதை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அம்மப்பாவும் அப்படித்தானே வாவியைப் பார்த்துச் சொல்லுவார். அன்று இரவே அவர் சொல்லும் அடையாளங்களை நினைவில் இருந்து எழுதத் தொடங்கினேன். என் ஆய்வின் முதல் அத்தியாயம் அதிலிருந்துதான் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவோடு நான் இதை அதிகம் கதைத்ததில்லை.

ஏஐடியில் எனக்குக் கிடைத்த அறைத்தோழி மாத்தறைச் சிங்களப் பெண். எங்கள் வயதுக்காரருக்குச் சிங்களவர் என்றால் யார்? சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஆள். நாங்கள் படித்த வந்தாறுமூலை வளாகத்தில்தான் 1990 செப்டெம்பரில் தஞ்சம் புகுந்திருந்த சனங்களில் 158 பேரைக் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பி வரவேயில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் நான் அந்த அறைக்குள் போனேன். அவளும் ஒரு பயத்தோடுதான் வந்திருந்தாள். கொழும்பில் குண்டு வெடித்த காலத்தில் வளர்ந்த பிள்ளை. எங்கள் ஊரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்து சமைத்துச் சாப்பிட அன்று வழி இருக்கவில்லை. அங்கே நாங்கள் ஒரே கடவுச்சீட்டு வைத்திருந்த இரண்டு பெண்கள், அரிசி எங்கே மலிவு என்று தேடித் திரிந்தவர்கள். முதலில் தேங்காய்ப்பாலைப் பற்றிக் கதைத்தோம். 158 பேரைப் பற்றிக் கதைக்க மாதக்கணக்கு ஆனது. அவள் அதைக் கேள்விப்பட்டிருக்கவேயில்லை. மறுக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. இருந்து கேட்டாள். பிறகு தன் ஊரில் 1980களின் கடைசியில் ஆற்றில் மிதந்த பெடியன்களைப் பற்றிச் சொன்னாள். அதை நானும் அப்படி ஒரு வாயால் கேட்டிருக்கவில்லை.

2004 மார்கழி 26ஆம் திகதி கடல் வந்தபோது நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். மாத்தறைக்கும் தொடர்பில்லை, மட்டக்களப்புக்கும் தொடர்பில்லை. மண்டூர் வாவிக்கு உள்பக்கம் என்பதால் எங்கள் வீடு தப்பியது. கல்லாற்று உறவுகளைத் தேடிக் கண்டுபிடிக்கவே நாள்கள் எடுத்தன. அவள் என் ஆட்களின் பெயர்களையும் நான் அவள் ஆட்களின் பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டு, யாருக்குத் தொலைபேசி கிடைத்தாலும் இரண்டு பட்டியலையும் விசாரித்தோம். இன்றைக்கும் கொழும்பில் ஒரு அலுவலகத்தில் சிங்களக் கடிதத்தோடு நான் தடுமாறி நின்றால், எடுக்கும் முதல் இலக்கம் அவளுடையது. இந்த நாட்டில் இப்படி ஒரு உறவு கிடைக்க நான் அந்த நாட்டுக்குப் போகவேண்டியிருந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் கிடைத்தது.

வெளிநாட்டுப் பிள்ளையாக இருப்பது என்றால் என்ன என்று மண்டூர் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மார்க் விட்டேக்கர் என்ற அமெரிக்க மாணவர் எங்கள் கந்தசாமி கோயிலைப் பற்றி ஆராய வந்து ஊரோடு இருந்தார். கோயில் உரிமை யாருக்கு, எந்தக் குடிக்கு எந்த முறை என்று, நாங்கள் பிறப்பிலேயே தெரிந்ததாக எண்ணி ஒருபோதும் கேட்காததை எல்லாம் அவர் கேட்டார். ஆய்வு 1999இல் புத்தகமாக வந்தது. அந்த நாள்களில் அவருக்கு மட்டக்களப்பில் கிடைத்த ஒரு நண்பர், பின்னாளில் தராக்கி என்று எழுதிய பத்திரிகையாளர் சிவராம். 2005இல் சிவராம் கொல்லப்பட்ட பிறகு, 2007இல் அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதியவரும் அதே விட்டேக்கர்தான். படிக்க வந்த இடத்தின் ஒரு மனிதரைக் கால் நூற்றாண்டு மனதில் வைத்து எழுதியிருக்கிறார். நீயும் போகும் ஊரில் அப்படி இரு. விடுதியும் வகுப்பும் கடையுமாக நம்மவர்களோடு மட்டும் சுற்றாதே. அந்த ஊர்த் துறைமுகத்துக்குப் போ, வலைக்காரரோடு கதை, அவர்கள் சாதாரணமாக எண்ணுவதைக் கேள். தெரியாத ஆள் கேட்கலாம், அந்த உரிமை உனக்கு அங்கே மட்டும்தான் கிடைக்கும்.

காசு. உனக்குக் கிடைத்திருப்பது எரஸ்முஸ் முண்டுஸ் புலமைப்பரிசில். படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 1400 யூரோ கையில் வரும், ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டில் படிப்பாய். சிக்கனமாக இருந்தால் போதும். உன் கூட்டாளி ஜேர்மனிக்குப் போகப் பார்க்கிறாள் என்றாய். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, ஆனால் விசாவுக்கு ஒரு வருசச் செலவாக 11,904 யூரோவைக் கணக்கில் முடக்கிக் காட்டச் சொல்கிறார்கள். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அது எத்தனை குடும்பத்தால் முடியும்? உனக்கு அந்தச் சுமை இல்லை. விமானச் சீட்டும், விசாச் செலவும், முதல் உதவித்தொகை வரும்வரை ஓரிரு மாதச் செலவும்தான் நாங்கள் போடவேண்டும்.

கஷ்டத்தை மறைக்கவில்லை. குளிர் உன்னைப் படுத்தும். நாலு மணிக்கு இருட்டும் மாதங்களில் காரணமில்லாமல் அழுகை வரும். வகுப்பில் முதலில் வாய் திறக்கத் தயக்கமாக இருக்கும். இங்கே விரிவுரையாளர் தந்த நோட்ஸைத் திருப்பி எழுதிப் புள்ளி வாங்கிப் பழகிவிட்டோம், அங்கே "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகியது என் பட்டத்தைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. கூட்டங்களில், எனக்கு மேலே இருக்கும் அதிகாரிகளுக்கு முன்னால், ஒரு வாவியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல முடிகிறதே, அது அங்கே வந்த பழக்கம்.

இனி வீடு. அம்மாவின் பயமெல்லாம் அதில்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். கூரை போட்டாயிற்று, குசினி மிச்சம், உனக்கு இருபத்தைந்து வயது, வீட்டை முடித்து ஒரு மாப்பிள்ளையைக் குடியேற்றிவிட்டால் தன் கடமை முடிந்தது என்று நினைக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பகுதித் தாய்மார் பரம்பரையாகச் செய்துவருவது அதுதான். வீடு பெண்பிள்ளைக்கு, வருகிறவன் அந்த வீட்டுக்கு வருவான்.

ஆனால் அந்த வழக்கத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஏஐடியில் என்னோடு படித்த நேபாளப் பெண், விடுமுறை வந்தாலே கலங்குவாள். அவள் வீட்டு வழக்கத்தில் காணியும் வீடும் அண்ணன் தம்பிமாருக்கு. படித்து முடித்துத் திரும்பினால் யார் வீட்டில் போய் இருப்பது, அண்ணி என்ன சொல்வாள் என்ற யோசனை அவளுக்கு எப்போதும் இருந்தது. "உன் பெயரில் வீடா? உனக்கா?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்போதுதான் உன் அம்மம்மா எனக்குக் கட்டி வைத்த வீட்டின் பெறுமதி எனக்கு விளங்கியது. எனக்கு அங்கே வேலை கிடைக்காமல் போகலாம், விசா முடியலாம், படிப்பே பிழைக்கலாம். எது நடந்தாலும் மண்டூரில் என் கதவு என் கதவுதான். அந்தத் துணிவில்தான் நான் யாருக்கும் அடங்காமல், கிடைத்த முதல் வேலையில் ஒட்டிக்கொள்ளாமல், எனக்கு வேண்டியதைப் படித்தேன். உலகத்தில் எத்தனையோ பெண்களுக்கு இல்லாத பலம் அது. அந்த வீட்டைக் காட்டியே உன்னை மறிக்கலாமா? வீடு உள்ளவள்தான் தூரம் போகலாம்.

என் கலியாணமும் நான் வந்த பிறகுதான் நடந்தது. பெரியப்பா அந்த வீட்டுக்குத்தான் வந்தார்.

திரும்பி வா என்று உன்னிடம் சத்தியம் வாங்க மாட்டேன். படித்து முடித்த பிறகு எங்கே இருப்பது என்பதை அப்போதைய நீ முடிவெடு. ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்த நாட்டு வாவியில் வேலை செய்தாலும், எங்கள் வாவியின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார். முகத்துவாரத்தை எங்கே, எப்போது வெட்டுவது என்று இன்னும் ஒவ்வொரு மாரியிலும் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்கு உப்பும் மழையும் மீனும் சேர்த்துக் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்.

இனி இது அம்மாவுக்கு.

தங்கச்சி, குசினி வேலை அடுத்த வருசம் முடியட்டும். விமானச் சீட்டுக் காசு என் பொறுப்பு, அதைப் பற்றி வாய் திறக்காதே. ஏஜென்சி ஆட்கள் யாராவது வீட்டுக்கு வந்து காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதே, இவளுக்கு அவர்களால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. சான்றிதழ்களைப் பத்தரமுல்லையில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும், கடவுச்சீட்டு அலுவலகமும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலில் இரண்டு பேரும் ஏறுங்கள், விடிய நான் கோட்டைக்கு வந்து நிற்பேன். பட்டச் சான்றிதழ், புள்ளி அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் மூலப் பிரதிகளும் வேண்டும். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இந்தக் கிழமையே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பெரியம்மா.